‘வீட்டுக்கு வந்தாச்சு’ என்று சொன்னது தவறா?

கேள்வி: நான் கும்பகோணத்தைச் சேர்ந்தவள், வயது 34. கணவருக்கு வேலை கிடைத்ததால் சென்ற ஆண்டு ஆகஸ்டில், நான்கு வயது மகளுடன், பிரான்சின் மேற்கிலுள்ள ஆன்ஜே நகருக்கு வந்தோம். எனக்கு, திறன்சார் வேலைக்கு வருபவர்களின் குடும்பத்தாருக்குப் பிரான்ஸ் தரும் ‘தாலான்’ வகைக் குடியிருப்பு அனுமதி அட்டை. முதல் மாதத்திலேயே ஊரில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டோம். அதன் பிறகு குளிர்காலம் முழுவதும் நான் அழாத நாள் குறைவு. இட்லி மாவு பொங்காது, காலை எட்டரை மணிக்கும் இருட்டு, எந்தச் சன்னலில் பார்த்தாலும் கறுத்த கூரைகள். ஊரில் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும் முன் அம்மா தினமும் அழைப்பார். நாலரை மணிக்குப் பள்ளி வாசலில் மகளுக்காக நின்றபடி அவருடன் பேசுவதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல். ஏப்ரல் மாதத்திலிருந்து ஏனோ மனம் லேசானது. ரொட்டிக்கடைப் பெண் நான் வாய் திறக்கும் முன்பே ‘வழக்கமானதுதானே?’ என்று எடுத்துத் தருகிறார். மகளின் தோழியுடைய தாய் சிரித்துப் பேசுகிறார். ஜூலையில் கும்பகோணம் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தோம். ஆன்ஜே ரயில் நிலையத்தில் இறங்கியபோது, கைபேசியில் அம்மாவிடம், ‘அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு’ என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்ப இது என்ன, சத்திரமா?’ என்றார். அன்று தொடங்கிய குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. இங்கே எனக்கு நெருங்கிய சினேகிதி ஒருத்தி கூட இல்லை, மொழியும் அரைகுறை. நான் உணர்வது உண்மைதானா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? மகளும் இப்போது தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். மீண்டும் குளிர்காலம் வருகிறது. பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. நீண்ட பயணக் களைப்போடு, பெட்டிகளை இறக்கிக்கொண்டே, யோசிக்காமல் ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்லை நான் பெரிதும் நம்புவேன். ஏமாற்றுவதற்கு இடம் இருப்பதெல்லாம் யோசித்துச் சொல்லும் சொற்களில்தான்.

நெருங்கிய நட்பு கிடைத்த பிறகுதான் ஓர் ஊர் நம்முடையதாகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நாந்த் நகரில் உளவியல் ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்ததில் நான் கண்டது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. புதிய ஊரை முதலில் கால்கள் கற்றுக்கொள்கின்றன: எந்த இடத்தில் நின்றால் டிராமின் கதவு நமக்கு முன்னால் வந்து நிற்கும், எந்தத் தெருமுனையில் காற்று முகத்தில் அறையும், எந்தக் கடை திங்கட்கிழமையும் மூடியிருக்கும் என்பதெல்லாம் நாம் கவனிக்காமலேயே உடம்பில் பதிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு முகங்கள் பழகுகின்றன, பெயர்கள் தெரிகின்றன; நட்பு என்று சொல்லத் தக்கது வெகு தாமதமாக, சில வேளை மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே வந்து சேர்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல், வேலை பற்றிய தகவல் மனிதர்களுக்கு நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாக அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று காட்டி, அத்தகைய தொடர்புகளுக்கு ‘தளர்ந்த கண்ணிகள்’ என்ற பொருள்படும் பெயரிட்டார். அவர் பேசியது வேலைவாய்ப்பைப் பற்றி என்றாலும், இடம் பெயர்ந்து வந்தவர்களுக்கு ஊரைப் பிடித்துவைப்பதும் இந்தக் கண்ணிகளே என்பது என் அனுபவம். அந்த ரொட்டிக்கடைப் பெண் உங்கள் சினேகிதி அல்லர். உங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அதிகம் வேகாத பகெத் என்ற நீள ரொட்டியைத்தான் நீங்கள் விரும்புவீர்கள் என்பது கும்பகோணத்திலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நினைவில் இருக்கிறது. நீங்கள் ஒரு வாரம் போகாவிட்டால் அவர் கவனிப்பார். இதைச் சிறியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வந்த புதிதில் பார்த்த கோட்டையும் அதன் 17 கோபுரங்களும், உள்ளே தொங்கும் பதினான்காம் நூற்றாண்டின் பெரிய திரைச்சீலையும் உங்களுக்கு ஏன் உதவவில்லை என்பதும் இதனால் விளங்கும். காட்சிகள் நம்மை விருந்தாளியாகவே வைத்திருப்பவை. அவற்றை இரண்டாம் முறை போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே சனிக்கிழமைச் சந்தையில், ஒரே கீரைக்காரரிடம், இருபது முறை வாங்குவதுதான் குடியிருப்பவரின் வேலை.

இனி, உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு சிறு சொல்லுக்கு வருகிறேன். ‘ஏப்ரல் மாதத்திலிருந்து ஏனோ மனம் லேசானது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏனோ’ என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வெயில் வந்ததும் ஒரு காரணமே, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது. குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே நான்கரை மணி நேர வித்தியாசம். ஆகவே அம்மாவின் இரவு ஒன்பது மணி உங்களுக்குச் சரியாக மாலை நாலரை, அதாவது பள்ளிக் கதவு திறக்கும் நேரம். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். இந்தியாவில் அப்படிச் செய்வதில்லை. வித்தியாசம் மூன்றரை மணியாகக் குறைந்து, அதே அழைப்பு உங்களுக்கு ஐந்தரை மணிக்கு, வீட்டுக்கு வந்து மகளுக்குச் சிற்றுண்டி கொடுத்த பிறகு, வரத் தொடங்கியிருக்கும். ஐந்து மாதமாகக் காதில் கைபேசியோடு சுவர் ஓரமாக நின்ற பெண், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் காதில் எதுவும் இல்லாமல் நின்றிருக்கிறார். அப்போதுதான் அந்தத் தோழியின் தாய் அருகில் வந்து பேசியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவரிடம் போய்ப் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்; அதை இடையூறு என்று கருதுவார்கள். குளிர்காலம் முழுவதும் அவர்கள் உங்களைப் புறக்கணித்ததாக நீங்கள் எண்ணியிருக்கலாம். அவர்களோ நீங்கள் பேச விரும்பாதவர் என்று எண்ணி ஒதுங்கி நின்றிருப்பார்கள்.

பிரான்சின் நடுத்தர நகரங்களில் பள்ளி வாசலில் கிடைக்கும் அந்தக் கால் மணி நேரத்துக்கு இணையான இடம் புதிதாக வந்த தாய்க்கு வேறு இல்லை. அங்கே பேசுவதற்குப் பொருள் தேட வேண்டாம். காய்ச்சல், காணாமல் போன கையுறை, மறுநாள் மழை என்று அரைகுறை மொழிக்கு ஏற்ற அளவான பேச்சு அங்கே நடக்கிறது. பள்ளிக் குறிப்பேட்டில் அவ்வப்போது, குழந்தைகளை நூலகத்துக்கோ பூங்காவுக்கோ அழைத்துச் செல்லத் துணைக்கு வரும் பெற்றோர் தேவை என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அடுத்த முறை அதில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். சாலையைக் கடக்கும்போது வரிசையின் பின்னால் நின்று இரண்டு குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளப் பெரிய இலக்கணம் தேவையில்லை. ஒரு பிற்பகல் முடிவதற்குள் வகுப்பிலுள்ள இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் உங்களைத் தெரிந்துவிடும். மறுநாள் அவர்களே தம் தாய்மாரிடம் உங்களைக் காட்டுவார்கள்.

சினேகிதி வேண்டும் என்ற ஆசையைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பிழை உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, பக்கத்து வீட்டுத் தம்பதியை விருந்துக்கு அழைத்து, இரண்டு நாள் சமைத்து, பதினான்கு வகை பரிமாறினார். அவர்கள் வியந்து உண்டார்கள், பலமுறை நன்றி சொன்னார்கள், அதன் பிறகு ஓராண்டு வரை திருப்பி அழைக்கவே இல்லை. அவருக்கு அது பெரும் அவமானமாகப் பட்டது. உண்மையில், இதற்கு ஈடாக நாம் என்ன செய்ய முடியும் என்ற மலைப்பே அவர்களைத் தடுத்திருக்கிறது. அதை அவர்கள் பின்னால் அவரிடமே சொன்னார்கள். ஆகவே அந்தத் தாயை விருந்துக்கு அழைக்காதீர்கள், அப்பெரோவுக்கு அழையுங்கள். மாலை ஏழு மணி, குடிக்க ஏதாவது, ஒரு தட்டு வடை, ஒரு கிண்ணம் வறுத்த முந்திரி, அவ்வளவு போதும். சொன்ன நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாக வருவது இங்கே மரியாதை. அதைக் கண்டு கலங்க வேண்டாம். ‘ஒரு நாள் சந்திப்போம்’ என்று அவர் சொன்னால் அது நம்மூரில் ‘வீட்டுக்கு வாங்க ஒரு நாள்’ என்பதைப் போன்ற உபசாரமாகவும் இருக்கலாம். கிழமையும் மணியும் குறித்தால்தான் அது அழைப்பாகும். மரியாதைப் பன்மையை விட்டு ஒருமையில் பேசலாமா என்று அவர் ஒரு நாள் கேட்பார். ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களுக்குப் புரியாத அந்தக் கேள்வியின் எடை, ‘வாங்க’ என்பதிலிருந்து ‘வா’ என்பதற்கு இறங்கும் தயக்கத்தை அறிந்த தமிழருக்கு விளக்காமலேயே புரியும்.

மொழி அரைகுறை என்கிறீர்கள். அரசின் மொழி வகுப்புக்கு உங்களை யாரும் அழைக்கவில்லை என்றால், அதற்கு உங்கள் அட்டையே காரணமாக இருக்கும். பிரான்சில் குடும்பத்தோடு சேர வருபவர்களில் பெரும்பாலோர் ‘குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம்’ என்ற ஒன்றில் கையெழுத்திடுகிறார்கள். அரசு அவர்களின் பிரெஞ்சைச் சோதித்துத் தேவைப்பட்டால் பயிற்சிக்கு அனுப்புகிறது. ‘தாலான்’ அட்டைக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. சலுகையாகக் கொடுத்தது, வீட்டில் இருக்கும் மனைவியருக்குப் பாதகமாகிவிடுகிறது. இதை நான் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். ஆன்ஜேயின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டினருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் மையம் இருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். செலவு அதிகம் என்று தோன்றினால், உங்கள் பகுதியின் மக்கள் மன்றத்தில் தன்னார்வலர்கள் வகுப்பு நடத்துகிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியைகளே நடத்துவார்கள், இலக்கணத்தோடு ஊர்ச் செய்தியும் கிடைக்கும். உங்கள் அட்டை வேலை செய்யவும் அனுமதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அரைகுறை மொழியைப் பற்றிக் கூச்சப்படவும் வேண்டாம். உங்கள் சன்னலிலிருந்து தெரியும் அந்தக் கறுத்த கூரைகளின் பலகைக் கல் அடுத்த ஊரான திரெலாசேயில் வெட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சுரங்கங்களுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களில் பெருந்தொகையினர், தனி மொழி பேசிய வடமேற்கு பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியினர், அவர்களில் பலர் பிரெஞ்சு பேசத் தெரியாமல் வந்தவர்கள்.

மகள் பிரெஞ்சில் பதில் சொல்வது இயல்பானது. அவள் நாள் முழுவதும் அந்த மொழியில்தான் விளையாடுகிறாள். நீங்கள் கோபப்படாமல் தமிழிலேயே தொடருங்கள். அவளைக் கடையிலும் மருத்துவரிடமும் மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவதை மட்டும் தவிருங்கள். தாய்க்குக் காவலாக நிற்க வேண்டிய பொறுப்பு ஐந்து வயதுக்கு அதிகம்.

குளிர்காலத்தைப் பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. டிசம்பர் கடைசியில் ஆன்ஜேயில் சூரியன் எழக் காலை எட்டே முக்கால் ஆகும், மாலை ஐந்தே காலுக்கு மறைந்துவிடும். நடுப்பகலில் ஒரு மணி நேரமாவது வெளியே நடப்பதை மருந்து போலக் கடைப்பிடியுங்கள். (இட்லி மாவை, ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுதும் உள்ளே வையுங்கள், பொங்கும்.) ஆனால் தூக்கம் கெடுவது, பசி போவது, காலையில் எழவே முடியாமல் இருப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஊர் ஏக்கம் என்று பொறுத்துக்கொண்டிராதீர்கள், குடும்ப மருத்துவரைப் பாருங்கள். ‘மோன் சூத்தியான் ப்ஸி’ என்ற அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு 12 முறை வரை உளவியலாளரைச் சந்திக்கலாம். ஒரு சந்திப்புக்கு 50 யூரோ, அதில் 60 சதவீதத்தை மருத்துவக் காப்பீடு திருப்பித் தருகிறது, மீதத்தைப் பெரும்பாலும் துணைக் காப்பீடு ஏற்கிறது. 2024 முதல் இதற்கு மருத்துவரின் கடிதமும் தேவையில்லை.

குற்ற உணர்ச்சியைக் கடைசிக்கு வைத்தேன், அதுவே கடினமானது என்பதால். ஒரே தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும் என்பது போல நீங்களும் உங்கள் தாயாரும் கணக்குப் போடுகிறீர்கள். புலம்பெயர்ந்தோரை நெடுங்காலம் ஆராய்ந்த கனடா நாட்டு உளவியலாளர் ஜான் பெரி மறுத்தது இந்தக் கணக்கையே. பழைய பண்பாட்டின் மீதான பற்று ஓர் அளவுகோல், புதிய சமூகத்தோடு உறவு வேறோர் அளவுகோல். ஒன்று கூடுவதால் மற்றது குறைய வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. நம் மொழியிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதும் ‘எந்த ஊரில் இருக்கிறீர்கள்?’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிரெஞ்சிலோ ‘என் வீட்டில்’ என்பதற்கு ‘ஷே மொவா’ என்று சொல்லும்போது இன்று கட்டடம் நினைவுக்கு வருவதில்லை; ‘என்னிடத்தில்’ என்பது போல அது ஆளோடு ஒட்டிய சொல், ஆள் போகுமிடமெல்லாம் கூடவே வரும்.

ஆன்ஜேயில் நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள், இந்தப் பகுதியின் இதத்தைப் புகழ ‘துசர் ஆன்ஜ்வீன்’ என்பார்கள். அது பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜோவாக்கிம் து பெல்லே ரோம் நகரில் இருந்துகொண்டு, லுவார் ஆற்றங்கரையிலுள்ள தம் சிற்றூரான லீரேயை நினைத்து ஏங்கி எழுதிய வரியிலிருந்து பிறந்தது. ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, ஊரை விட்டுப் போன ஒருவரின் ஏக்கத்தை.

நான் காரைக்காலைச் சேர்ந்தவள். என் பெரியம்மா 1960களில், பிரெஞ்சுப் படைவீரரான (‘சொல்தா’) பெரியப்பாவோடு தெற்கு பிரான்சுக்கு வந்து அங்கேயே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் அந்த வீட்டை ஒரு நாளும் வீடு என்று சொன்னதில்லை, ‘தங்கியிருக்கிற இடம்’ என்பார். அலமாரியின் மேல் ஒரு பெட்டி, நாளைக்கே கிளம்புவது போல, எப்போதும் இருக்கும். இத்தனை விசுவாசத்தால் காரைக்காலுக்கு எந்த லாபமும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் முப்பது ஆண்டு அந்தக் கதவைத் தட்டியும் இவர் ஒரு முறைகூடக் காப்பி குடிக்க உள்ளே அழைக்கவில்லை என்பதுதான் மிச்சம்.

உங்கள் தாயார் சத்திரம் என்று சொன்னதில் கோபத்தைவிடப் பயமே அதிகம். யாத்திரிகர்கள் வந்து போகும் ஊரில் பிறந்தவருக்குச் சத்திரம் என்பது ஆட்கள் தங்கிவிட்டு மறந்துபோகும் இடம். மறக்கவில்லை என்று வாயால் சொல்வதைவிட, வழக்கமாக நடக்கும் ஒன்றின் மூலம் காட்டுவதே அவருக்குப் போதுமானதாக இருக்கும். அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் மீண்டும் பின்னே போகிறது. அவர் அழைப்பு மறுபடியும் நாலரை மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே பேசி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பகல் ஒன்றரை என்றால் அவருக்கு மாலை ஆறு, விளக்கு வைக்கும் நேரம். அவர் அழைக்கக் காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள். புதன்கிழமை பிற்பகலில் இங்கே ஆரம்பப் பள்ளி கிடையாது என்பதால் அன்று பேத்தியையும் உட்கார வைக்கலாம். பாட்டியிடம் பிரெஞ்சு செல்லாது என்பது அவளுக்கு இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பேச்சை அம்மா தொடங்கத் தயங்கினால், இந்த ஊரில் நீங்கள் வாங்கும் ரொட்டியைப் பற்றியும் அதை எடுத்துத் தரும் பெண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். மகள் தங்கியிருக்கும் ஊரில் அவளை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்பதை எந்தத் தாயும் கேட்க விரும்புவார்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர், நாந்த்